முதுமையில் மருத்துவக் காரணம் காட்டிக் கவுன்சில் வீடு கேட்பது: ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்தில் வாழும் பெற்றோருக்கோ பெரியம்மா சித்தப்பாவுக்கோ வந்த வீட்டு விண்ணப்பப் படிவத்தை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லி, உவர்மலையிலோ உப்புவெளியிலோ இருந்துகொண்டு ஆங்கிலம் தெரிந்த மருமகனோ பேரப்பிள்ளையோ நிரப்பிக் கொடுப்பது திருகோணமலையில் பல குடும்பங்களில் நடக்கிற காரியம். பெயர், பிறந்த திகதி, வருமானம் என்ற பக்கங்களில் பெரிய சிக்கல் இருப்பதில்லை. மருத்துவக் காரணங்கள் என்று தலைப்பிட்ட பக்கம் வந்ததும்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. அநேகமானோர் அங்கே நோய்களின் பெயர்களை வரிசையாக எழுதி, குடிக்கும் குளிசைகளின் பெயர்களையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள்; சில மாதங்கள் கழித்து, மருத்துவ முன்னுரிமை வழங்கப்படவில்லை என்ற கடிதம் வருகிறது. அந்தப் பக்கம் உண்மையில் எதைக் கேட்கிறது என்பதை விளங்கப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே சொல்லப்படும் சட்டம் இங்கிலாந்துக்குரியது. ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு.

முதலில், சமூக வீடு எத்தகையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் வீட்டுத் திட்டம் என்றால், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசோடு பிரதேச செயலகத்துக்கோ தேசிய வீடமைப்பு அதிகார சபைக்கோ போய், சொந்தக் காணியில் வீடு கட்டக் கடனோ உதவியோ பெறுவதைத்தான் பெரும்பாலும் நினைக்கிறோம். கட்டி முடித்த வீடு நம்முடையது, நமக்குப் பின் பிள்ளையினுடையது. இங்கிலாந்தின் சமூக வீடோ உள்ளூராட்சி மன்றத்துக்கு, அதாவது கவுன்சிலுக்கு, அல்லது வீடமைப்புச் சங்கத்துக்குச் சொந்தமாகவே இருந்து, சந்தை வாடகையிலும் குறைந்த வாடகைக்கு, நீண்ட காலம் குடியிருக்கும் உரிமையோடு கொடுக்கப்படுவது. ஏறத்தாழ 40 இலட்சம் குடும்பங்கள் இத்தகைய வீடுகளில் வாழ்கின்றன. 2024 ஆம் ஆண்டில் காத்திருப்புப் பட்டியல்களில் இருந்த குடும்பங்கள் 13 இலட்சத்துக்கும் மேல். காலியாகும் வீடுகள் சிலவும் கேட்போர் பலருமாக இருப்பதால், யார் முன்னே நிற்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்ல வேண்டியிருக்கிறது.

அதைச் சொல்வது 1996 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் 6 ஆம் பகுதி. ஒவ்வொரு மன்றமும் வீடுகளை எந்த ஒழுங்கில் கொடுக்கிறது என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும் என்றும், சில பிரிவினருக்கு நியாயமான முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. வீடற்றவர்கள், நெரிசலான அல்லது சுகாதாரமற்ற வீட்டில் இருப்பவர்கள் ஆகியோரோடு, மருத்துவ அல்லது நலன் சார்ந்த காரணத்தால் இடம்மாற வேண்டிய தேவையுள்ளவர்களும், இயலாமையுள்ளவர்கள் உட்பட, அந்தப் பிரிவினருள் அடங்குவர். இங்கே கவனிக்க வேண்டியது, சட்டம் நோயாளிக்கு வீடு என்று சொல்லாமல், நோயின் காரணமாக இப்போதுள்ள வீட்டைவிட்டு மாற வேண்டியவருக்கு முன்னுரிமை என்று சொல்வதைத்தான். முதுமையும் அதேபோல்தான். 80 வயது என்பது மட்டும் ஒரு காரணமாகாது. நோய் எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அந்த நோயோடு அந்த வீட்டில் வாழ்வது எவ்வளவு கடினம், வேறு வீட்டுக்குப் போனால் அந்தக் கடினம் குறையுமா என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இனி வருவதெல்லாம் இந்த ஒரு கருத்தின் விரிவே.

விண்ணப்பிக்க முன் பார்க்க வேண்டியவை

மருத்துவப் பக்கத்துக்கு வருவதற்கு முன்பே விண்ணப்பம் நின்றுவிடக்கூடிய சில இடங்கள் உண்டு. அவற்றுள் முதலாவது குடிவரவு நிலை. பிள்ளையின் பொறுப்பில், பிறர் பராமரிப்பில் தங்கியிருக்கும் வயது வந்த உறவினர் என்ற விசாவில் போன தாய் தந்தையரை, பொதுநிதியை நாடாமல் பிள்ளையே 5 வருடங்கள் பராமரிப்பதாக எழுத்தில் உறுதி கொடுக்கப்பட்டிருந்தால், அந்த 5 வருடங்களும் முடியும்வரை, உறுதி கொடுத்தவர் உயிரோடு இருக்கையில், அவர்கள் பொதுவாகச் சமூக வீட்டுக்குத் தகுதி பெறமாட்டார்கள். அம்மாவை அங்கே கூப்பிட்டுவிட்டால் கவுன்சில் வீடு கொடுத்துவிடும் என்று இங்கே பேசிக்கொள்வோர் இதை மனத்தில் வைத்திருப்பது நல்லது. பிரித்தானியக் குடியுரிமை உள்ளவரும்கூட, நீண்ட காலம் திருகோணமலையில் வாழ்ந்துவிட்டுத் திரும்பிப் போனால், அங்கேதான் வழமையாக வசிக்கிறார் என்று காட்ட வேண்டும். இதற்கு மேல், 2011 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்துக்குப் பின்னர், தத்தம் எல்லைக்குள் சில வருடங்கள் வாழ்ந்தவர்களையே பட்டியலில் சேர்ப்பது என்று பல மன்றங்கள் விதி வைத்திருக்கின்றன. லண்டனில் 5 வருடங்கள் கேட்கும் மன்றங்களும் உண்டு.

நம்மவர்கள் அதிகமாகச் சறுக்குவது சொத்து விடயத்தில். இங்கிலாந்துக்கு வெளியே இருக்கும் வீடு காணியையும் அறிவிக்கச் சொல்லிப் பல மன்றங்கள் கேட்கின்றன. அப்பா பெயரில் மனையாவெளியில் இருக்கும் பழைய வீடு, மகளுக்கு நன்கொடை உறுதி எழுதிச் சீவிய உருத்தை மட்டும் தம்மிடம் வைத்திருக்கும் வீடு, இனக்கலவரக் காலத்தில் விட்டுப்போன காணி, இவற்றையெல்லாம் அங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிடக் கூடாது. தெரிந்துகொண்டே பொய்த் தகவல் கொடுப்பது அதே 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். கிடைத்த வீட்டையும் பின்னர் இழக்க நேரிடலாம். அந்த வீட்டின் நிலை என்ன, அதில் யார் இருக்கிறார்கள், விற்றால் என்ன கிடைக்கும், நோயோடு அங்கே போய் வாழ ஏன் முடியாது என்பதை உள்ளபடி எழுதிவிடுவதே பாதுகாப்பு.

இன்னொன்று, பிள்ளைகள் இருக்கும்போது அரசிடம் வீடு கேட்பதா என்ற கூச்சம். இலங்கையில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள்மீது வைக்கிறது. கைவிடப்பட்ட 60 வயதுக்கு மேற்பட்டவர் பராமரிப்புச் சபையிடம் முறையிடவும் வழியுண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் வயதுவந்த பிள்ளைகள்மீது அத்தகைய கடமை இல்லை. ஆகவே மகன் வீட்டில் இருக்கும் தாய் தன் பெயரில் தனியாக விண்ணப்பிப்பது மகனைக் குற்றஞ்சாட்டுவதாக ஆகாது. மன்றத்திலும் யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

நோயையும் வீட்டையும் சேர்த்து எழுதுவது

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருகோணமலையில் பிறந்து வளர்ந்து, லண்டனின் ஹரோ பகுதியில் மகனுடைய வாடகை வீட்டில் வாழும் 74 வயது அம்மா ஒருவருக்கு முழங்கால் தேய்வும், இதயப் பலவீனமும், சீனி வருத்தமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரிசை வீடுகள் பலவற்றைப் போல, அந்த வீட்டிலும் கழிவறையும் குளியலறையும் மேல்மாடியில். அம்மா படுப்பது கீழே முன் அறையில். படிவத்தில் நோய்கள் மூன்றையும் எழுதி, ‘மிகவும் கஷ்டப்படுகிறார், தயவுசெய்து உதவவும்’ என்று முடித்தால், வாசிக்கும் அதிகாரிக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. 74 வயதில் அந்த மூன்று நோய்களும் உள்ளவர்கள் அவருடைய மேசையில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள்.

அதே அம்மாவின் நாளை இப்படி எழுதிப் பார்க்கலாம். இதயப் பலவீனத்துக்காகக் காலையில் சிறுநீர் போக்கும் குளிசை ஒன்று குடிக்க வேண்டும். குடித்தால் அடுத்த சில மணித்தியாலங்களில் பலமுறை சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் 14 படிகள் ஏற வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும். முழங்கால் மடியாததால் இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடியும். இதற்குப் பயந்து, மகனும் மருமகளும் வேலைக்குப் போகிற நாட்களில் அவர் அந்தக் குளிசையைக் குடிப்பதில்லை. குடிக்காத வாரங்களில் கால் வீங்கி, இரவில் படுக்க முடியாமல் மூச்சு முட்டி, வைத்தியசாலைக்குப் போக நேர்ந்திருக்கிறது. குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை வைக்க முடியாததால், ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகள் பிடித்துக்கொள்ளும்போது மட்டுமே முழுகுகிறார். கழிவறையும் படியில்லாத குளியலறையும் ஒரே தளத்தில் இருக்கும் வீடு கிடைத்தால், குளிசையைத் தவறாமல் எடுக்கவும், யாருடைய துணையுமின்றிக் கழிவறைக்குப் போகவும் முடியும்.

இந்த இரண்டாவது பதிலில் நோய் ஒன்றும் கூடவில்லை, மிகைப்படுத்தலும் இல்லை. ஆனால் வீடு எப்படி நோயை மோசமாக்குகிறது என்பதும், வேறு வீடு எப்படி அதைக் குறைக்கும் என்பதும் தெரிகிறது. படிகளின் எண்ணிக்கை, நிற்கும் இடங்கள், விழுந்த திகதிகள், வைத்தியசாலையில் தங்கிய நாட்கள், யார் எந்த நேரத்தில் உதவுகிறார்கள் என்பன அங்கே எடைபோடப்படும் செய்திகள். சீனி வருத்தம் அந்தப் பதிலில் வரவேயில்லை என்பதையும் கவனிக்கலாம். அது கட்டுப்பாட்டில் இருந்து, பாதப் புண்ணோ பார்வைக் குறைவோ ஏற்படுத்தாதவரை, வீட்டோடு அதற்குத் தொடர்பில்லை. தொடர்பில்லாதவற்றைக் கூட்டி எழுதினால் முக்கியமானது மறைந்துபோகும்.

எல்லா நோயும் இப்படி இலகுவாக வீட்டோடு பொருந்திவிடாது. சுவரில் ஈரமும் பூஞ்சணமும் பிடித்து, முட்டு வருத்தம் உள்ளவருக்கு அது கூடுகிறது என்றால், அது வீட்டுச் சொந்தக்காரர் திருத்த வேண்டிய குறை, இடமாற்றத்துக்குக் காரணமாகாது என்று பல மன்றங்கள் பதில் சொல்லும். அந்த நிலையில், திருத்தச் சொல்லி எழுதிய கடிதங்களையும் படங்களையும் சேர்த்து, திருத்தியும் தீரவில்லை என்று காட்ட வேண்டியிருக்கும். துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வும் அதுபோலவே. தனிமை என்ற அளவில் அது பெரிதாக எடுபடுவதில்லை. மனநல வைத்தியர் அல்லது தாதியின் அறிக்கையோடு, அந்த வீடு அல்லது அந்தச் சூழல் எப்படி அதைக் கூட்டுகிறது என்று எழுதினால் நிலைமை மாறலாம். வேறு பகுதியிலிருக்கும் மகளுக்கு அருகில் போனால் அவளால் தினமும் வந்து பார்க்க முடியும் என்ற காரணம் மருத்துவத்தைவிட நலன் என்ற தலைப்பின்கீழ் வருவது. படிவத்தில் அதற்கு இடமிருந்தால் அங்கே எழுதுவதே முறை.

சான்றும் மதிப்பீடும்

நம் ஊர்ப் பழக்கத்தில், ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் பெரிய மனிதர் ஒருவரின் கடிதத்தைத் தேடுகிறோம். பாராளுமன்ற உறுப்பினர், கோயில் தலைவர், சங்கச் செயலாளர் என்று யாராவது ‘ஆவன செய்யவும்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் தொகுதி உறுப்பினரின் கடிதத்துக்கு மன்றம் பதில் எழுதும், தாமதமான கோப்பை அது கொஞ்சம் அசைக்கவும்கூடும். மருத்துவ முன்னுரிமையை அது மாற்றாது. குடும்ப வைத்தியரின் கடிதமும், ‘இவர் என் நோயாளி, வீடு மாறினால் நல்லது’ என்ற அளவில் இருந்தால் அதிகம் பயன்படாது. மேலும், அத்தகைய கடிதம் வைத்தியரின் கட்டாயக் கடமைக்குள் வராததால், பலர் கட்டணமும் கேட்பார்கள். கட்டணம் கொடுத்து வெறுங்கடிதம் வாங்குவதைவிட, ஏற்கனவே கையில் இருக்கும் ஆவணங்களே மேல். வைத்தியசாலையிலிருந்து வெளியேறியபோது தந்த அறிக்கை, கிளினிக்கிலிருந்து குடும்ப வைத்தியருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, விழுந்ததற்கான சிகிச்சைப் பதிவு, மருந்துப் பட்டியல் ஆகியவை அண்மையவையாக இருந்தால் போதும்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியும் பழைய நோய் நிர்ணய அட்டைகளும் நோயின் வரலாற்றைக் காட்ட உதவும். அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுவதால் மொழிபெயர்ப்புச் சிக்கலும் குறைவு. ஆயினும் மன்றம் பார்ப்பது இன்றைய நிலையை. பத்து வருடத்துக்கு முந்திய இங்குள்ள அறிக்கை அங்குள்ள புதிய அறிக்கைக்கு ஈடாகாது. தமிழில் மட்டும் இருக்கும் பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்து அனுப்பலாம். தூரத்தில் இருக்கும் உறவினர் செய்யக்கூடிய உருப்படியான உதவிகளில் இதுவும் ஒன்று.

வந்த ஆவணங்களை மன்றத்தின் மருத்துவ ஆலோசகர் பார்ப்பார். அவர் பெரும்பாலும் நோயாளியை நேரில் காண்பதில்லை. தாளில் உள்ளதை வைத்தே கருத்துச் சொல்கிறார். அதனால்தான் மேலே அவ்வளவு விரிவாக எழுதச் சொன்னது. சில வேளைகளில் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து, படி ஏறுவது, கதிரையிலிருந்து எழும்புவது, குளிப்பது போன்ற அன்றாடக் காரியங்களை எப்படிச் செய்கிறார் என்று பார்ப்பார். இந்த வருகைக்கு அதிகம் தயாராக வேண்டியவர்கள் நம் முதியவர்கள்தான், அதுவும் தலைகீழான தயாரிப்பாக. விருந்தாளி வருகிறார் என்று காலையிலிருந்து வீட்டைத் துடைத்து, நல்ல சேலை உடுத்து, வந்தவர் வேண்டாம் என்றாலும் கேளாமல் குசினிக்குப் போய்த் தேநீர் ஊற்றி, தட்டில் பிஸ்கட்டும் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுப்பார் அம்மா. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’ என்பார். பண்பில் வந்த பதில். ஆனால் வந்தவரின் குறிப்பேட்டில், துணையின்றி நிற்கிறார், சூடான பானத்தை ஏந்தி நடக்கிறார், தாம் சமாளிப்பதாகச் சொல்கிறார் என்று பதிவாகும். அன்று பிற்பகல் முழுவதும் அவர் கட்டிலில் கிடந்தது யாருக்கும் தெரியாது.

ஆகவே முன்கூட்டியே தொலைபேசியில் அம்மாவுக்குச் சொல்லிவைக்க வேண்டியது நடிப்பதற்கு அல்ல, மறைக்காமல் இருப்பதற்கு. வழமையாக எப்படி நடக்கிறாரோ, எதைப் பிடித்து எழும்புகிறாரோ, அதே மாதிரி அன்றும் இருக்கட்டும். பிறர் உதவியில் செய்வதை உதவியோடு செய்து காட்டட்டும். நல்ல நாளையும் மோசமான நாளையும், அவை வாரத்தில் எத்தனை என்பதையும் சொல்லட்டும். கழிவறைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல்போன சம்பவங்களை மகன் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டால், அந்த நேரம் மகன் வெளியே நிற்பது நல்லது. மொழி தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்னரே கேட்கலாம். குடும்பத்தார் மொழிபெயர்க்கையில் அம்மா சொன்னதைச் சுருக்கிவிடுவதும், தம் கருத்தைக் கலந்துவிடுவதும் சாதாரணம்; என் எண்ணத்தில் வெளியாள் மொழிபெயர்ப்பதே மேல்.

முடிவு வந்தபின்

முடிவு பெரும்பாலும் படித்தரமாகவோ புள்ளியாகவோ வரும். உயர்ந்த படித்தரம் கிடைப்பது, அந்த வீட்டிலேயே இருந்தால் உயிருக்கு ஆபத்து, அல்லது வைத்தியசாலையிலிருந்து திரும்பி வர முடியாத நிலை போன்ற மிகக் கடுமையான நிலைமைகளுக்கே. அநேக முதியவர்களுக்கு நடுத்தரப் படிதான் கிடைக்கும். பல மன்றங்களில் காலியான வீடுகள் இணையத்தில் வரும். தகுதியானவர்கள் அவற்றுக்கு விருப்பம் தெரிவிக்க வேண்டும். படித்தரமும் காத்திருந்த காலமும் பார்த்து வீடு ஒதுக்கப்படும். முதியவர் சார்பில் வேறொருவர் விருப்பம் தெரிவிக்கலாம் என்பதால், பங்குனியில் கோணேசர் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து நிற்கிற நாட்களிலும் அது தவறத் தேவையில்லை. ஆனால் வீட்டு வாடகை உதவி பெறுபவர் 4 கிழமைகளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால், பொதுவாக அந்த உதவி நின்றுவிடும். சிகிச்சை போன்ற சில காரணங்களுக்கு மட்டும் கூடிய காலம் உண்டு.

காத்திருக்கும் காலத்தில் வேறு இரண்டு வழிகளை இணையாகத் தேடுவது புத்திசாலித்தனம். ஒன்று, இருக்கிற வீட்டைத் திருத்துவது. 1,000 பவுணுக்கு உட்பட்ட கைப்பிடி, சிறு சாய்தளம் போன்ற வேலைகள் தேவையுள்ளவருக்கு இலவசமாகச் செய்து தரப்படும். ஆளை இருத்திப் படியில் ஏற்றி இறக்கும் மின்நாற்காலி, படியில்லாத குளியலறை போன்ற பெரிய வேலைகளுக்கு இயலாமையுள்ளோருக்கான வசதி மானியம் என்ற ஏற்பாட்டில், இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை கிடைக்கலாம். வருமானமும் சேமிப்பும் பார்க்கப்படும், வாடகை வீடானால் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும். திருத்தினால் போதும் என்று மன்றம் கருதினால் இடமாற்றத்தைத் தராது. ஆகவே அந்த வீட்டில் திருத்தம் ஏன் முடியாது என்பதற்கான காரணம், உதாரணமாகப் படிக்கட்டு ஒடுங்கியது அல்லது சொந்தக்காரர் எழுத்தில் மறுத்துவிட்டார் என்பது, விண்ணப்பத்துக்கும் சான்றாகும். மற்றது, 55 அல்லது 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே உள்ள, அவசர அழைப்புக் கயிறும் மேற்பார்வையாளரும் கொண்ட ஒதுக்கிடக் குடியிருப்புகள். நம்மவர்களில் பலர் இதை முதியோர் இல்லம் என்று எண்ணி வேண்டாம் என்றுவிடுகிறார்கள். உண்மையில் அது தனிக் கதவும் தனிக் குசினியும் உள்ள சொந்த வாடகை வீடுதான். பல இடங்களில் பொதுப் பட்டியலைவிட விரைவாகவும் கிடைக்கிறது.

மறுப்புக் கடிதம் வந்தால், மீளாய்வு கேட்கச் சட்டம் உரிமை தருகிறது. வழமையாக 21 நாட்களுக்குள் கேட்க வேண்டும். கடிதத்தில் எழுதிய காலக்கெடுவையே பின்பற்ற வேண்டும். முதலில் அனுப்பியதையே திரும்ப அனுப்புவதில் பயனில்லை. மறுப்பில் சொல்லப்பட்ட ஒவ்வொரு காரணத்துக்கும் நேரான பதிலும், புதிய சான்றும் வேண்டும். ஷெல்டர், ஏஜ் யூகே, சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய அமைப்புகள் இதற்கு இலவச ஆலோசனை தருகின்றன. வைத்தியசாலையில் இருப்பவர் திரும்பிப் போகவே முடியாத வீடு என்றால், பட்டியலைப் பார்த்துக்கொண்டிராமல் வீடற்றோர் பிரிவிடம் உடனே விண்ணப்பிக்க வேண்டும். தொடர்ந்து வாழ்வது நியாயமற்ற வீட்டில் இருப்பவரையும் சட்டம் வீடற்றவராகவே கொள்கிறது.

வீடு ஒன்று காட்டப்படும்போது, பார்க்கப் போகிறவரிடம் அளவுநாடா ஒன்று கொடுத்துவிட வேண்டும். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி, நடைச்சட்டகம் கழிவறைக் கதவுக்குள் நுழையுமா, குளியலறையில் தொட்டியா தட்டைத் தரையா, மாடியானால் மின்தூக்கி பழுதானால் என்ன செய்வது என்பவற்றை அங்கேயே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பொருத்தமான வீட்டைக் காரணமின்றி மறுத்தால் பல மன்றங்கள் முன்னுரிமையைக் குறைத்துவிடும். அளந்து பார்த்து, மருத்துவப் பக்கத்தில் எழுதிய தேவையோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று எழுத்தில் கொடுத்த மறுப்பை அவர்கள் வேறாகவே பார்க்க வேண்டியிருக்கும்.